டேட் பிந்தி 4 நாள்: பிரசவ நோ வர வைக்க வீட்டில் ஏதும் செய்யலாமா?

கொக்குவில்_பெறுமாதக்காரி | செவ்வாய், பின்னேரம் 6.40

எனக்கு இது முதல் பிள்ளை. கிளினிக் அட்டையில் எழுதித் தந்த தேதி போன வெள்ளிக்கிழமை. இன்றைக்கு 40 வாரமும் 4 நாளும். பிரஷர் சரி, சீனி சரி, தலை கீழே திரும்பிவிட்டது, பிள்ளை நன்றாக அசைகிறது. குத்துத்தான் இல்லை. இடைக்கிடை வயிறு கல்லுப்போல் இறுகும், பிறகு தானாக விட்டுப்போகும். வியாழக்கிழமை கிளினிக். அதற்குள் ஒன்றும் நடக்காவிட்டால் வெள்ளி, 41 முடிகிற அன்று, வாட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஊசி போட்டு நோ வரவைத்தால் தாங்க ஏலாது என்று பக்கத்து வீட்டு அன்ரி பயமுறுத்திவிட்டுப் போயிருக்கிறார். நேற்று மாமி சாமியறையில் விளக்குக்கு வைத்திருந்த ஆமணக்கெண்ணெய்ப் போத்தலை எடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டார். "ரெண்டு மேசைக்கரண்டி குடி பிள்ளை, விடியமுன்னம் பெற்றுவிடுவாய்" என்கிறார். அம்மா அன்னாசியோடு வந்து நிற்கிறார். ஏழு மாதம் வரைக்கும் அதைக் கண்ணாலும் பார்க்கவிடாத அதே அம்மா. மாமா வாக்கிய பஞ்சாங்கத்தை விரித்துவைத்துக்கொண்டு, வெள்ளி ஆயிலியமாம், அதற்கு முன்னம் பிறந்தால் நல்லதாம் என்று முணுமுணுக்கிறார்.

நான் உண்மையில் என்ன செய்யலாம்? பெற்றவர்கள், தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

சுன்னாகம்_அக்கா | செவ்வாய், 6.58

அன்னாசி முழுதாக ஒன்று சாப்பிட்டேன் தங்கச்சி. நாக்குத் தோல் உரிந்ததுதான் மிச்சம். பிள்ளை 6 நாள் கழித்து, அவனுக்கு விருப்பமான நேரத்தில் வந்தான்.

கோண்டாவில்_தாய்2 | செவ்வாய், 7.10

எனக்கு நடை வேலை செய்தது. விடிய ஐந்து மணிக்கு நல்லூர் வீதியைச் சுற்றி மூன்று சுற்று. நாலாம் நாள் நோ வந்தது. நடந்ததால் வந்ததா, நாலு நாள் போனதால் வந்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

ஆயிலியக்_கிழவன் | செவ்வாய், 7.25

ஆயிலியத்தில் பிறந்த பெண்பிள்ளை மாமியாருக்கு ஆகாது என்பார்கள். உங்கள் மாமியின் அவசரம் இப்போது விளங்குகிறது.

பழைய_மிட்வைஃப் | செவ்வாய், இரவு 8.15

பிள்ளை, முதலில் அந்தப் போத்தலைத் திரும்பச் சாமியறையில் கொண்டுபோய் வை. மிச்சத்தைப் பிறகு கதைப்போம்.

நான் 30 வருடத்துக்கு மேல் குடும்பநல உத்தியோகத்தராக வலிகாமப் பக்கம் சைக்கிளிலும் பிறகு ஸ்கூட்டியிலும் திரிந்தவள். தேதி பிந்திய பிள்ளைத்தாச்சியின் வீட்டுக்குப் போனால் வாசலிலேயே மூன்று பேர் மூன்று மருந்தோடு நிற்பார்கள். இது புதிதில்லை.

அந்த "டேட்" என்பது என்ன? கடைசியாக மாதவிலக்கு வந்த முதல் நாளிலிருந்து 280 நாள். நாங்கள் பத்து மாதம் சுமந்து பெற்றேன் என்கிறோமே, அது 28 நாள் மாதக் கணக்கு, பத்தும் சேர்ந்தால் அதே 280. அது ஒரு நடுப்புள்ளி, அவ்வளவுதான். சொன்ன தேதியிலேயே பிறக்கிற பிள்ளைகள் நூற்றுக்கு நாலு அல்லது ஐந்து. 37 வாரம் முடிந்ததிலிருந்து 42 வரைக்கும் எந்த நாளும் வரலாம். முதல் பிள்ளை சில நாள் பிந்துவது சர்வசாதாரணம். 42 தாண்டினால்தான் புத்தகக் கணக்கில் "காலம் கடந்தது". ஆனால் அதுவரை விட்டுப் பார்ப்பதில்லை. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

உன் தேதியை எப்படிக் கணித்தார்கள்? 11 கிழமைக்கும் 14 கிழமைக்கும் இடையில் ஸ்கேன் எடுத்தாயா? மாதவிலக்கு ஒழுங்கில்லாதவர்களுக்குக் கணக்கு ஒரு கிழமையே பிசகும். பிந்திவிட்டது என்று அழுதுகொண்டிருந்த எத்தனையோ பேர் உண்மையில் பிந்தவேயில்லை.

இன்னொன்று. நோ சும்மா ஒரு பொத்தானை அமத்தி வருவதில்லை. கருப்பைக் கழுத்து முதலில் பழுக்க வேண்டும். மூக்கு நுனியைத் தொட்டுப் பார், அப்படிக் கெட்டியாக இருப்பது உதடுபோல மெத்தென்று ஆகவேண்டும், குறுக வேண்டும், முன்னுக்கு வரவேண்டும். அதற்குப் பிறகு கருப்பை இழுத்தால்தான் திறக்கும். பழுக்காத மாங்காயைக் கல்லெறிந்து விழுத்தலாம், தின்ன ஏலாது. வீட்டு வைத்தியங்களில் முக்கால்வாசி கல்லெறிகிற வேலை.

திருநெல்வேலி_வாத்தி | செவ்வாய், 8.40

அக்கா குறைநினைக்க வேண்டாம். எங்கள் ஆச்சிமார் உரலில் நெல்லுக் குத்தினார்கள், குனிந்து முற்றம் கூட்டினார்கள், ஆமணக்கெண்ணெய் குடித்தார்கள், வீட்டிலேயே எட்டும் பத்தும் பெற்றார்கள். இப்போது எல்லாத்துக்கும் ஆஸ்பத்திரி. இயற்கையை விட்டதுதான் பிழை.

பழைய_மிட்வைஃப் | செவ்வாய், 9.05

வாத்தியார், எட்டுப் பெற்ற ஆச்சி இருந்து கதை சொன்னா, நீங்கள் கேட்டீர்கள். நாலாவதில் செத்துப்போன ஆச்சி கதை சொல்ல வரவில்லை. 1930களில் இந்த நாட்டில் ஒரு லட்சம் பிறப்புக்கு 2000க்கு மேல் தாய்மார் செத்தார்கள். இப்போது அது முப்பது, நாற்பது அளவில். நெல்லுக் குத்தாததால் குறையவில்லை. மிட்வைஃப்மாரும் ஆஸ்பத்திரியும் ரத்தமும் பெனிசிலினும் வந்ததால் குறைந்தது.

யாழ்ப்பாணத்துக்கு இது நேற்று வந்த சங்கதியும் இல்லை. மானிப்பாயில் அமெரிக்க மிஷன் டொக்டர் கிறீன் 1850களிலேயே பிரசவ வைத்தியப் புத்தகத்தைத் தமிழில் போட்டுப் படிப்பித்தவர். இணுவில் ஆஸ்பத்திரியில் பிறந்த ஆட்களைக் கேட்டால் உங்கள் ஆச்சிமாரின் வயதிலும் வருவார்கள்.

குனிந்து கூட்டுவதில் பிழை இல்லை. நடக்கட்டும், கூட்டட்டும். பிள்ளையின் தலை கீழே அமர்வதற்கு நிமிர்ந்து நிற்பதும் நடப்பதும் உதவும், உடம்புக்கும் நல்லது. களைக்கக் களைக்க நடந்து கால் வீங்கித்தான் பெறவேண்டும் என்று இல்லை. லேபர் றூமுக்குத் தெம்பு வேணும்.

வடமராட்சி_மாமி | செவ்வாய், 9.30

ஆமணக்கெண்ணெய்க் கதையை நான் சொல்கிறேன், குடித்தவள் என்ற உரிமையில்.

என் ரெண்டாவதுக்கு 40 வாரமும் 6 நாளும். என் அம்மம்மா சொல்லி, தோடம்பழச் சாற்றில் கலந்து மூக்கைப் பொத்திக்கொண்டு குடித்தேன். பின்னேரம் நாலு மணி. ஆறு மணிக்கு வயிறு உழையத் தொடங்கியது. நான் நோ என்று சந்தோஷப்பட்டேன். நோ இல்லை, கக்கூசு. இரவு பதினொரு தரம் போனேன். பத்தாம் தரம் போகும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன், கிணற்றடி விளக்கு ரெண்டாகத் தெரிந்தது. விடிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். என்ன குடித்தாய் என்று கேட்ட நேர்ஸிடம் நான் ஒன்றும் குடிக்கவில்லை என்று பொய் சொன்னேன். சேலைன் ரெண்டு போத்தல் ஏற்றினார்கள். வயிறு இறுகுது, விடுது, இறுகுது, விடுது, கருப்பைக் கழுத்து மட்டும் திறக்கவில்லை. அடுத்த நாள் இரவுதான் பெற்றேன், அதுவும் அவர்கள் மருந்து வைத்த பிறகு. பெறும்போது முக்க எனக்குச் சக்தி இல்லை.

பொய் சொன்னதுதான் இப்போது நினைத்தாலும் வெட்கம். என்ன குடித்திருந்தாலும் சொல்லிப்போடு பிள்ளை. அவர்கள் ஏசினாலும் பரவாயில்லை.

வெள்ளைக்கோட்டு_மாணவன் | செவ்வாய், 10.20

மருத்துவபீடத்தில் மகப்பேற்று வாட் முடித்திருக்கிறேன். டொக்டர் இல்லை இன்னும், ஆகவே நான் சொல்வதை உங்கள் கிளினிக்கில் கேட்டு உறுதிப்படுத்துங்கோ அக்கா.

மாமி சொன்னதற்கு உடலியங்கியல் காரணம் இருக்கிறது. ஆமணக்கெண்ணெய் குடலில் உடைந்து ரிசினோலிக் அமிலம் வரும். அது குடல் தசையைத் தூண்டுகிற அதே வாங்கி (கலத்தில் அந்தப் பொருள் ஒட்டுகிற இடம்) மூலம் கருப்பைத் தசையையும் தூண்டுகிறது என்று 2012இல் எலியில் காட்டினார்கள். அதனால் "வேலையே செய்யாது" என்று நான் சொல்ல மாட்டேன். சில சிறிய ஆய்வுகளில் குடித்தவர்களுக்கு நோ கொஞ்சம் கெதியாக வந்திருக்கிறது, வேறு சிலவற்றில் வித்தியாசமில்லை. ஆனால் ஓங்காளமும் வயிற்றோட்டமும் பலருக்கு வரும். உடம்பில் நீர் வற்றும். எவ்வளவு இறுகும் என்று யாராலும் அளந்து கொடுக்க முடியாது. ஆஸ்பத்திரி மருந்து என்றால் நிறுத்தலாம், குடித்த எண்ணெயை நிறுத்த ஏலாது. முன்னம் சிசேரியன் செய்தவர்கள் கிட்டவே போகக்கூடாது, பழைய தையல் கிழிந்த சம்பவம் மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியிருக்கிறது. விளக்கெரிக்கிற எண்ணெய் குடிக்கிற தரத்தில் இருக்குமா என்பது தனிக் கேள்வி.

அன்னாசியில் புரோமலைன் என்ற நொதியம் இருக்கிறது, அது கருப்பைக் கழுத்தை இளக்கும் என்பது கதை. சாப்பிட்டால் அது வயிற்றிலேயே செரித்துப்போகும். பப்பாசிக் காயின் பாலில் எலிக் கருப்பை சுருங்கியது உண்மை, கனிந்த பழத்தில் அது நடக்கவில்லை. உறைப்புக்கும் நோவுக்கும் சம்பந்தம் இல்லை, நெஞ்செரிவு மட்டும் வரும்.

கொஞ்சமேனும் சாட்சி உள்ளது பேரீச்சம்பழம். ஜோர்தானில் 2011இல் வெளியான ஒரு ஆய்வு: தேதிக்கு முந்திய நாலு கிழமை தினமும் 6 பழம் சாப்பிட்டவர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது கருப்பைக் கழுத்து கூடத் திறந்திருந்தது, நோ வரவைக்க மருந்து குறைவாகத் தேவைப்பட்டது. சிறிய ஆய்வுதான். கர்ப்பகால நீரிழிவு உள்ளவர்கள் கேட்காமல் சாப்பிடக்கூடாது, அது முழுக்கச் சீனி.

தாம்பத்திய உறவு பற்றி யாரும் வெளியே கேட்க மாட்டார்கள், நான் சொல்லிவிடுகிறேன். விந்தில் கருப்பைக் கழுத்தை இளக்குகிற புரொஸ்ரகிளாண்டின் என்ற பொருள் உண்டு, அதனால் நோ வரும் என்பார்கள். மலேசியாவில் ஒரு பகுதித் தாய்மாருக்கு அப்படி ஆலோசனை சொல்லி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பிள்ளை பிறந்த காலத்தில் வித்தியாசம் இல்லை. பன்னீர்க்குடம் உடையாமலும் நஞ்சுக்கொடி கீழே இல்லாமலும் இருந்தால் ஆபத்தும் இல்லை. முலைக்காம்பைத் தூண்டினால் கருப்பையை இறுக்குகிற ஒக்சிற்றோசின் என்ற ஓமோன் சுரக்கும், பிள்ளை பால் குடிக்கும்போது வயிறு பிடிப்பதும் அதனால்தான். கருப்பைக் கழுத்து ஏற்கெனவே பழுத்தவர்களுக்கு இது 3 நாளுக்குள் நோவைக் கொண்டுவர உதவுகிறது என்று, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கிற கொக்ரேன் தொகுப்பு சொல்கிறது. பழுக்காதவர்களுக்குப் பலன் இல்லை. பிரஷர், வளர்ச்சி குறைந்த பிள்ளை போன்ற பிரச்சினை உள்ளவர்களுக்குப் பாதுகாப்பு நிரூபிக்கப்படவில்லை, ஆகவே கேட்காமல் வேண்டாம்.

திருநெல்வேலி_வாத்தி | செவ்வாய், 10.45

தம்பி எழுதியது நியாயம். அதிமதுரம், வேர்க்கொம்புக் கசாயம்?

வெள்ளைக்கோட்டு_மாணவன் | செவ்வாய், 10.52

வேர்க்கொம்புத் தேத்தண்ணி குடிக்கலாம் ஐயா, நோவுக்காக இல்லை, மழைக்கு நல்லது. அதிமதுரம் வேண்டாம். அது பிரஷரைக் கூட்டும். சித்த மருந்து எடுக்க விரும்பினால் படித்த சித்த வைத்தியரிடம் நேரே போய்க் காட்டி, கிளினிக்கிலும் சொல்லிவிட்டு எடுக்கவேண்டும். கடதாசியில் சுற்றித் தருகிற பெயர் தெரியாத தூள் எதுவும் வேண்டாம்.

லண்டன்_கிளி | புதன், விடிய 3.30

இங்கே தூக்கம் இல்லை, அதனால் எழுதுகிறேன். எனக்கு இங்கே மிட்வைஃப் 40 வாரத்தில் "சுவீப்" செய்தார். உங்கள் ஊரிலும் செய்வார்கள், கேட்டுப் பாருங்கோ அக்கா. விரலை உள்ளே விட்டு, பன்னீர்க்குடத்தின் தோலைக் கருப்பைக் கழுத்தின் ஓரத்திலிருந்து சுற்றிவரப் பிரித்துவிடுவது. ஒரு நிமிடம்கூட இல்லை. சுகமான வேலை என்று சொல்ல மாட்டேன், கால்விரல் எல்லாம் மடங்கிவிட்டது. பிறகு கொஞ்சம் ரத்தக்கசிவும் இழுப்பும். எனக்கு ரெண்டாம் நாள் நோ வந்தது. என் சிநேகிதிக்கு ரெண்டு தரம் செய்தும் ஒன்றும் நடக்கவில்லை.

இங்கே எல்லோரும் ராஸ்பெரி இலைத் தேத்தண்ணி, ஈவினிங் பிரிம்ரோஸ் எண்ணெய் என்று அலைகிறார்கள். எங்கள் மாமிமாரின் ஆமணக்கெண்ணெய் மாதிரித்தான், போத்தல் மட்டும் வடிவு.

பழைய_மிட்வைஃப் | புதன், காலை 7.10

கிளி சொன்னது சரி. வீட்டில் செய்கிற எல்லாவற்றையும்விட அந்த ஒரு நிமிட வேலைக்குத்தான் சாட்சி கூட. ஆனால் அதைத் தெரிந்தவர்கள் மட்டும், கையுறையோடு, நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது என்று ஸ்கேன் பார்த்த பிறகுதான் செய்யவேண்டும். உன்னிடம் கேட்டு, நீ ஓம் என்ற பிறகுதான் செய்யவும் வேண்டும்.

இப்போது ஏன் 42 வரை விடுவதில்லை என்பது. நஞ்சுக்கொடிக்கும் ஆயுள் இருக்கிறது. 41 தாண்டப் பன்னீர் குறையலாம், பிள்ளை உள்ளேயே முதல் மலம் போகலாம், அசையாமல் போகவும் கூடும். அப்படி நடப்பது மிகக் குறைவு, ஆனால் நடந்தால் திருப்ப ஏலாது. சுவீடனில் 41இல் நோ வரவைப்பதா, 42 வரை பொறுப்பதா என்று ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள். பொறுத்தவர்களின் பக்கத்தில் 6 பிள்ளைகள் இறந்தன, மற்றப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. இடையிலேயே நிறுத்திவிட்டார்கள், 2019இல் வெளிவந்தது. உலக சுகாதார நிறுவனமும் 41 முடிந்தால் நோ வரவைக்கச் சொல்கிறது. வெள்ளிக்கிழமை உன்னை வரச் சொன்னது உன்னைப் பிடித்து வெட்டுவதற்கில்லை.

நெடுந்தீவாள் | புதன், 9.45

நான் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒன்று சொல்ல வேணும். உங்களுக்கு ஆஸ்பத்திரி ஓட்டோவில் பத்து நிமிடம். நாங்கள் தீவுக்காரர். குறிகாட்டுவானுக்குப் படகில் ஒரு மணித்தியாலம், கடல் கொந்தளித்தால் படகே இல்லை. அதனால் 37 வாரத்திலேயே என்னை யாழ்ப்பாணத்தில் அண்ணியின் தங்கச்சி வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். ஒரு கிழமை என்று வந்தது, நாலு கிழமையும் 3 நாளும் ஆயிற்று. மற்ற வீட்டுச் சாப்பாடு, மற்ற வீட்டுக் கக்கூசு, ஒவ்வொரு நாளும் "இன்னும் ஒன்றும் இல்லையோ?" என்ற முகம். ஊரில் மூத்தவனைப் பார்க்க ஆள் இல்லை. நோ வந்தால் போதும் என்று நான் ஒரு மாதம் படுத்த பாடு. எவள் என்ன சொன்னாலும் குடித்திருப்பேன், அந்த வீட்டில் ஆமணக்கெண்ணெய் இல்லாததால் தப்பினேன்.

அவசரப்படுகிறவளை முட்டாள் என்று நினைக்காதீங்கோ.

வடமராட்சி_மாமி | புதன், 10.02

உண்மை பிள்ளை. யாரும் அப்படி நினைக்கவில்லை.

கொக்குவில்_பெறுமாதக்காரி | புதன், பின்னேரம் 5.20

எல்லோருக்கும் நன்றி. போத்தல் சாமியறைக்குத் திரும்பிவிட்டது. மாமிக்கு வடமராட்சி மாமியின் பதிவை வாசித்துக் காட்டினேன். "பதினொரு தரமோ?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் எழும்பிப் போனார்.

மிட்வைஃப் அக்கா, 12 வாரத்தில் ஸ்கேன் எடுத்தேன். அதன்படி பார்த்தால் தேதி 3 நாள் பிந்தி வரும். அப்படியென்றால் நான் இன்று 40 வாரமும் 2 நாளும்தானே? வெள்ளிக்கிழமை போகாமல் விடலாமா?

இன்னொன்று. அசைவு இன்று கொஞ்சம் மந்தம்போல இருக்கிறது. இடம் போதாததால் கடைசியில் குறையும் என்று அம்மா சொல்கிறார்.

பழைய_மிட்வைஃப் | புதன், 5.31

தேதியைப் பிறகு பார்ப்போம். அசைவைச் சொல். இன்று பத்து அசைவு எத்தனை மணிக்கு நிரம்பியது? கிளினிக்கில் தந்த அட்டவணையில் குறித்தாயா?

இடம் போதாமல் குறையும் என்பது பிழை. உருண்டு திரும்புகிற மாதிரி மாறலாம், எண்ணிக்கை குறையக்கூடாது. பன்னிரண்டு மணித்தியாலத்துக்குள் பத்து என்பது கணக்கு, ஆனால் உன் பிள்ளையின் வழமையைவிடக் குறைவென்று உனக்குப் பட்டாலே போதும், அட்டவணை நிரம்பும்வரை காத்திராதே. குளிர்தண்ணி குடித்துப் பார், சொக்லட் தின்று பார் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு இராமல் போ. இப்போதே போ. வாகனம் இல்லாவிட்டால் 1990 அம்புலன்சுக்கு அடி.

கொக்குவில்_பெறுமாதக்காரி | புதன், 5.36

மற்ற நாட்களில் 11 மணிக்கு நிரம்பும். இன்று இப்போதுதான் எட்டு அசைவு. போகிறோம்.

சுன்னாகம்_அக்கா | புதன், 8.50

ஏதும் செய்தி?

லண்டன்_கிளி | புதன், 9.40

நானும் பார்த்துக்கொண்டு இருக்கிறேன்.

கொக்குவில்_பெறுமாதக்காரி | புதன், 11.15

சுகம். வயிற்றில் பட்டி கட்டிப் பிள்ளையின் இதயத்துடிப்பை அரைமணித்தியாலத்துக்கு மேல் பதிந்தார்கள். நல்லாக இருக்கிறதாம். ஸ்கேனில் பன்னீரும் போதும். அந்தப் பட்டி கட்டின உடனேயே உதைக்கத் தொடங்கிவிட்டது, அப்பாவின் குணம். சும்மா வந்து தொந்தரவு தந்துவிட்டேனா என்று கேட்டேன். இளம் டொக்டர் பிள்ளை ஒருத்தி, "இப்படிச் சும்மா பத்துத் தரம் வாங்கோ அக்கா" என்றா. வாட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் நெல்லியடி அக்கா, அவருக்கு 41ம் 1ம்.

பழைய_மிட்வைஃப் | வியாழன், காலை 6.30

நல்ல செய்தி. தேதிக் கணக்கு: முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேனுக்கும் மாதவிலக்குக் கணக்குக்கும் ஒரு கிழமைக்கு மேல் வித்தியாசம் வந்தால்தான் ஸ்கேன் தேதிக்கு மாற்றுவார்கள். மூன்று நாள் என்றால் மாற்றுவதில்லை. அட்டையில் இருக்கிற தேதிதான் தேதி.

கொக்குவில்_பெறுமாதக்காரி | வியாழன், பின்னேரம் 3.40

காலையில் பார்த்தார்கள். ஒரு சென்ரிமீற்றர் திறந்திருக்கிறது, இன்னும் நீளமாம். கேட்டுவிட்டு சுவீப் செய்தார்கள். கிளி சொன்ன கால்விரல் உண்மை. கொஞ்சம் ரத்தம் கலந்த சளி போனது, பின்னேரமாக இடுப்பில் ஒரு இழுப்பு. நெல்லியடி அக்காவும் நானும் வாட் கொறிடோரில் நடக்கிறோம். அவர் உறைப்பு மிக்சர் ஒரு பை ஒளித்துவைத்திருக்கிறார்.

கொக்குவில்_பெறுமாதக்காரி | வெள்ளி, பின்னேரம் 4.10

இழுப்பு இரவோடு நின்றுவிட்டது. இன்று காலை பலூன் வைத்தார்கள். சலக்குழாய் மாதிரி ஒரு ரப்பர் குழாய், நுனியில் பலூன், உள்ளே விட்டுத் தண்ணீர் ஏற்றி, வெளியே நிற்கிற பகுதியைத் தொடையில் பிளாஸ்ரர் போட்டு இழுத்து ஒட்டியிருக்கிறார்கள். வைக்கும்போது நொந்தது, பிறகு பரவாயில்லை. நடக்கலாம், சாப்பிடலாம். வாலோடு நடக்கிற மாதிரி இருக்கிறது. கழுத்து மூன்று நாலு சென்ரிமீற்றர் திறந்தால் தானாக விழுமாம். நெல்லியடி அக்கா நேற்று இரவே பெற்றுவிட்டார், ஒரு மருந்தும் இல்லாமல். மிக்சர்தான் காரணம் என்று சத்தியம் செய்கிறார்.

ஆயிலியக்_கிழவன் | வெள்ளி, 4.30

இன்று முழுக்க ஆயிலியம். பலூன் மெதுவாக விழட்டும்.

வடமராட்சி_மாமி | வெள்ளி, 4.33

வாயைக் கழுவும் ஐயா.

கொக்குவில்_பெறுமாதக்காரி | திங்கள், காலை 10.20

வீட்டுக்கு வந்துவிட்டோம். பெண்பிள்ளை, 3 கிலோ 310.

வெள்ளி இரவு ஒன்பது மணிக்குக் கக்கூசில் பலூன் தானாக விழுந்தது. விடியப் பன்னீர்க்குடத்தை உடைத்து, சேலைனில் மருந்து ஏற்றினார்கள். அது வந்த பிறகு நோ ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது. அன்ரி சொன்னது முழுப்பொய் இல்லை, மெல்ல மெல்ல ஏறுகிற நோ இல்லை அது. ஆனால் தாங்க ஏலாதது என்றும் இல்லை. ஒரு கட்டத்தில் நான் கத்த, ஒரு நேர்ஸ் "பெறவந்தால் கத்தத்தான் வேணுமோ" என்று ஏசினா. அதை மறக்க மாட்டேன். அவருக்குப் பிறகு வந்த மற்றவர் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றா, அதையும் மறக்க மாட்டேன். சனி பின்னேரம் 2.50க்குப் பிறந்தாள். மகம். ஜகத்தை ஆளுவாளாம், மாமா இப்போது பஞ்சாங்கத்தை மூடிவிட்டார்.

மாமி அடுப்படியில் சரக்கு அரைக்கிறார், வீடு முழுக்க மிளகும் வேர்க்கொம்பும் மணக்கிறது. பிள்ளை எழும்பிவிட்டாள், பிறகு வருகிறேன்.

நெடுந்தீவாள் | திங்கள், 10.41

சந்தோஷம் தங்கச்சி. காது குத்துக்குச் சொல்லுங்கோ, கடல் விட்டால் வருவேன்.

அரியாலை_39வாரம் | திங்கள், இரவு 9.15

முழு இழையும் வாசித்தேன். எனக்கு 39 வாரமும் 5 நாளும். பேரீச்சம்பழம் இன்றைக்குத் தொடங்கினால் வேலை செய்யுமா?

வெள்ளைக்கோட்டு_மாணவன் | திங்கள், 9.50

அந்த ஆய்வில் நாலு கிழமை சாப்பிட்டார்கள் அக்கா. ரெண்டு நாளில் நோ வரும் என்று நான் சொல்ல மாட்டேன். சீனி வருத்தம் இல்லாவிட்டால் சாப்பிடுங்கோ, மலச்சிக்கலுக்கு நல்லது.

பழைய_மிட்வைஃப் | திங்கள், 9.58

இன்று அசைவு எத்தனை மணிக்கு நிரம்பியது?